பலகை மாட்டிய சொந்தம்

கடலோர ஊரான ஹேமுனின் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சொந்தபந்தம் அதிகம். துறைமுகத் தெருவில் எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறையிலிருந்து நெத்திலி காயவைத்துப் பெட்டியில் அடைக்கிற கம்பெனி வரைக்கும், எந்த வாசலில் பார்த்தாலும் ஒரு பித்தளைப் பலகை பளபளக்கும்: 'கல்லூரியின் குடும்ப நிறுவனம்'. பலகையை மாட்ட முதல்வர் நேரில் வருவார். இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இந்த ரகசியம் ஊருக்கே தெரிந்ததுதான் என்றாலும், பான் ஹேசுக்குக்குக் கூடுதலாகத் தெரியும். கல்லூரியின் திட்டப் பிரிவில் இருப்பவள் அவள். எந்தப் பலகை எந்தச் சுவரில் தொங்குகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் முழிப்பாள்.

அந்த வருடம் ஐந்தாண்டுத் திட்டம் எழுத வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதினீர்களா என்று மேலிடத்தில் கட்டாயம் கேட்பார்கள். அதனால் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் திட்டத்தை முதலில் எழுதி முடித்து அச்சடித்து வைத்துவிட்டு, பிறகு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது. அந்தக் கருத்தையும் திட்டப் பிரிவே எழுதிக் கொடுத்துவிடும். வந்த விருந்தாளி பேச்சு வராமல் தவிக்கக் கூடாது பாருங்கள், அந்தக் கரிசனம். யாரும் இதைப் பித்தலாட்டம் என்று நினைத்ததில்லை. தேநீர் வைப்பது மாதிரி இதுவும் ஓர் உபசாரம்.

ஹேசுக் இதில் கைதேர்ந்தவள். மீன் கம்பெனிக்காரர் பேசுவதில் கொஞ்சம் உப்புக்காற்று வீசும்படி எழுதுவாள். பட்டறைக்காரருக்கு நீளமான வாக்கியம் கொடுக்க மாட்டாள். வாசிக்கிறவர்களே, 'அட, நான் நினைச்சதுதான்' என்று நம்பிவிடுவார்கள்.

இந்த முறை அவளுக்குக் கை ஓடவில்லை. திட்டத்தின் நடுவில் 'தேர்ந்தெடுத்துக் கவனம் குவித்தல்' என்று ஓர் அழகான தலைப்பு இருந்தது. அதற்கு அர்த்தம், குளிர்சாதனத் துறையை இழுத்து மூடிவிட்டு அந்தக் கட்டடத்தில் செல்லப்பிராணி அலங்காரத் துறை தொடங்குவது. குளிர்சாதனத் துறையில் செய்முறைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தால்சு அவளுடைய புருஷன். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவன். துறை போனால் ஒப்பந்தமும் போகும். ஐம்பது வயதில் வேறு எங்கே போய் நிற்பான்?

அன்று சாயங்காலம் சோறும் சோயாபீன் குழம்பும் எடுத்து வைத்தபடி அவள் விஷயத்தைச் சொன்னாள். தால்சு கானாங்கெளுத்தி மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை அவள் கிண்ணத்தில் வைத்தான்.

"எனக்கு முன்னாடியே தெரியும். நீ இதுல வாயைத் திறக்காத."

"எப்படிங்க திறக்காம இருக்கறது?"

"புருஷனுக்காகத் திட்டத்தையே திருத்திட்டாள்னு ஊர் சிரிக்கும். வேலை போனா இன்னொண்ணு தேடலாம். மானம் போனா எங்க போய்த் தேடறது? நீ எழுத வேண்டியதை எழுது, கிதே அம்மா." மகன் கிதே பிறந்ததிலிருந்து அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

அவள் எழுதினாள். 'கல்லூரியின் துணிச்சலான மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்' என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேர் வாயிலும் வார்த்தையை வைத்தாள். வயிற்றெரிச்சலோடு எழுதினாலும் நடை என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதை நினைத்து இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

மறுநாள் அந்தத் தாள்களையும் பேரீச்சை மாதிரி இனிக்கும் உலர்ந்த பெர்சிமன் பழப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்ப நிறுவனமாக ஏறி இறங்கினாள். எல்லோரும் பழத்தை வாங்கிக்கொண்டு, தாளைப் பார்க்காமலே, "வந்துடறேன், வந்துடறேன்" என்றார்கள். கடைசியாக மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனிக்குப் போனாள். அங்கே வாசலில் பலகையைக் காணோம்.

முதலாளி சூ கும்ஜா அம்மாள் ரப்பர் பூட்ஸும் பூப்போட்ட கால்சட்டையுமாக, பனிக்கட்டி நொறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று யாரையோ போனில் வறுத்துக்கொண்டிருந்தார். ஹேசுக்கின் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"கல்லூரியா? வாங்க வாங்க. பலகையைத் தேடறீங்களா? அந்தா இருக்கு."

அலுவலக மூலையில், காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி ஊறுகிற ஒரு பெரிய தொட்டி. அதன் மேல் மூடியாகக் கவிழ்ந்து, தன் மேல் ஒரு கல்லையும் சுமந்தபடி கிடந்தது பித்தளைப் பலகை.

"நல்ல கனமா இருக்கு. கிம்ச்சி மேல வரவே மாட்டேங்குது. உங்க கல்லூரியால எனக்குக் கிடைச்ச ஒரே உபகாரம் அதுதான்."

ஹேசுக் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். "முதலாளியம்மா, அடுத்த வாரம் ஒரு கூட்டம். குடும்ப நிறுவனங்கள் எல்லாரும்..."

"குடும்பமா?" கும்ஜா அம்மாளின் குரல் மாறிவிட்டது. "எந்தக் குடும்பம்மா? போன குளிர்காலத்துல என் வீட்டுக்காரர் போயிட்டார். மூணு நாள் ஆஸ்பத்திரிச் சாவுக்கூடத்துல உக்காந்திருந்தேன். யார் யாரோ வந்தாங்க. எங்களோட ஜென்மப் பகை, துறைமுகத்துக்கு அந்தப்பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரன், அவனே வந்து ரெண்டு தரம் விழுந்து கும்பிட்டுட்டு மாட்டுக்கறி சூப் குடிச்சிட்டுப் போனான். வாசல் முழுக்க மலர்வளையம். நான் ஒவ்வொரு ரிப்பனா படிச்சேன். குடும்பம்னு பலகை மாட்டினீங்களே, உங்க பேரு ஒண்ணுத்துலயும் இல்ல."

"எங்களுக்குத் தெரியாதும்மா..."

"தெரியாது. வருஷா வருஷம் கோடையில உங்க பிள்ளைங்களைப் பயிற்சிக்கு அனுப்புவீங்க. அந்த மனுஷன் தன் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு அதுங்களுக்கு மெஷினைக் காட்டுவார். அவர் இருக்காரா செத்தாரான்னு கேக்க ஒரு நாதி இல்ல. இப்ப கூட்டமாம். கை தட்ட ஆள் குறையுதா?"

ஹேசுக்குக்கு முகம் பற்றி எரிந்தது. சாவுக்கு வராத சொந்தம் சொந்தமே இல்லை என்று அவளும் பத்துப் பேரைப் பற்றிப் பேசியவள்தான். தன் கல்லூரியே அந்தப் பட்டியலில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். சிரிக்கத் தெரியாமல் சிரிக்க முயன்ற ஒரு முகம்.

"அவர்தானா?"

"அவரேதான்."

ஹேசுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். காலணியையும் கழற்றினாள். ஐஸ் தண்ணீர் ஊறிக் கிடந்த அந்தச் சிமெண்டுத் தரையில், சாவுக்கூடத்தில் செய்வது போல, படத்தின் முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் பட இரண்டு முறை விழுந்து கும்பிட்டாள். பிறகு கும்ஜா அம்மாள் பக்கம் திரும்பி ஒரு முறை குனிந்தாள். முழங்கால் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. "ரொம்பத் தாமதமா வந்துட்டேன்" என்றாள்.

கும்ஜா அம்மாள் ஒரு துண்டை எடுத்து அவள் மேல் வீசினார். "தொடைச்சுக்க. ஜன்னி வந்துடும். சாப்பிட்டியா இல்லையா நீ?"

சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்புகிற முகமாக அது இல்லை. பலகையைத் தூக்கி வைத்துவிட்டுக் கிம்ச்சி எடுத்தார், சூடாக நூடுல்ஸ் வந்தது. ஹேசுக் சாப்பிடச் சாப்பிட, அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் கொண்டுவந்த தாளைப் படித்தார். ஊரிலேயே அதைப் படித்தது அவர் ஒருத்தர்தான்.

"பரவாயில்லையே, நான் நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றார். "ஆனா இந்தத் 'தேர்ந்தெடுத்துக் கவனம் குவித்தல்'னா என்ன? எதை வரவேற்கிறேன் நான்?"

ஹேசுக் சொன்னாள். கண்ணாடி மேசைக்கு வந்தது.

"குளிர்சாதனத் துறையையா? இரு, அந்த தால்சு வாத்தியார் அங்கதான இருக்கார்? போன மாசம் கம்ப்ரசர் நின்னப்ப ஓடி வந்தாரே?"

"அவர் என் வீட்டுக்காரர்."

"அடிப்பாவி! புருஷன் வேலைக்குக் குழி தோண்டற பேப்பரை நீயே எழுதி, என்னை வேற படிக்கச் சொல்றியா?"

"அவர் வேலைங்கறதாலதான் அக்கா என்னால ஒண்ணும் சொல்ல முடியல." முதலாளியம்மா எப்போது அக்கா ஆனார் என்று இருவருமே கவனிக்கவில்லை. "நான் பேசினா புருஷனுக்காகப் பேசறாள்னு ஆயிடும்."

"அப்ப நான் பேசணுமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அதுவும் எழுதிக் கொடுத்த கருத்துதான். அவள் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். "வாங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. ஒண்ணும் தோணலேன்னா பழம் சாப்பிட்டுட்டுப் போங்க."

கூட்டத்தன்று காலை, மேசைகளில் பெயர்ப்பலகை, தண்ணீர், ஆரஞ்சு, அரிசிக் கேக் எல்லாம் வைத்தாள். முன்பே கொடுத்த தாளை யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்பதால், ஒவ்வொருவர் முன்னாலும் இன்னொரு பிரதி வைப்பது வழக்கம். அந்தத் தாள்கட்டை மட்டும் அவள் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

முதல்வர் தாக் வந்து மேசைகளைப் பார்த்தார். "பேப்பர் எங்க, பான்?"

"வைக்கல சார்."

"மறந்துட்டியா?"

"இல்ல சார். வைக்கல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். ஒவ்வொரு குளிர்காலமும் தானே விளம்பரத் தட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்களில் நின்று, 'எங்கள் கல்லூரியில் சேருங்கள்' என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கும்பிடுகிறவர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

மைக் கரகரத்தது. அந்தக் கல்லூரியில் எது கரகரத்தாலும் கூப்பிடுவது தால்சுவைத்தான். அவன் வந்து வயரைச் சரிசெய்துவிட்டு, இன்னொரு முறை கெட்டால் வேண்டுமே என்று கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றான்.

திட்டம் வாசிக்கப்பட்டது. கருத்து உண்டா என்று முதல்வர் கேட்டார். எல்லோரும் மேசையில் தாளைத் தேடினார்கள். தாள் இல்லை. உடனே எல்லோருடைய கண்களும் மீனவர் கூட்டுறவுத் தலைவர் மேங் பக்கம் போயின. வயதில் மூத்தவர் பேசாமல் யார் வாயைத் திறப்பது? மேங் தாத்தாவோ ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

முதல்வர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப, மாற்றுக் கருத்து இல்லேன்னா, கைதட்டி ஏத்துக்கலாமா?"

இதற்கு மட்டும் யாருக்கும் தாள் வேண்டியிருக்கவில்லை. மேங் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கும்ஜா அம்மாளும் பலமாகத் தட்டினார். பத்திரிகைப் புகைப்படக்காரர், இந்த மாதிரிக் கூட்டங்களின் வழக்கப்படி எல்லோரும் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்கப்போகிற படத்துக்காக நாற்காலிகளை நகர்த்தத் தொடங்கினார். முடிந்துவிட்டது. கண்ணை உயர்த்திப் பின்சுவரைப் பார்க்க ஹேசுக்குக்குத் தைரியம் இல்லை.

"இருங்க, இருங்க." கும்ஜா அம்மாள் எழுந்து நின்று தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். "நான் எதுக்குக் கை தட்டினேன்?"

சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்க. பழக்கதோஷம், கை தன்னால போயிடுச்சு. முதல்வரய்யா, நான் தட்டினதைத் திருப்பி எடுத்துக்கறேன். குளிர்சாதனத் துறையை மூடிட்டா, நடுக்கோடையில என் கம்ப்ரசர் நின்னா நான் யாரைக் கூப்பிடறது? பூசான்ல இருந்து ஆள் வர்றதுக்குள்ள ஊர்க் கணவாய் மொத்தமும் நாறிடும். நாய்க்கு முடி வெட்டற பிள்ளைங்க வந்து என் ஐஸைச் சீவிக் கொடுக்குமா?"

ஒருவர் ஆரம்பித்ததும் எல்லோருக்கும் நாக்கு முளைத்தது. நெத்திலிக்காரர் தன் குளிர்அறையைப் பற்றிச் சொன்னார். பட்டறைக்காரர் ஆள் கிடைக்காமல் தான் படுகிற பாட்டைச் சொன்னார். மேங் தாத்தா ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "படகுல ஃப்ரீஸர் இல்லேன்னா மீன் பிடிச்சு என்ன, வேடிக்கை பார்க்கவா?" என்றார். மைக் கைமாறிக் கைமாறி ஓடியது. இத்தனை வருடம் தான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட இவர்கள் பேச்சு மாதிரி இல்லை என்று ஹேசுக்குக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முதல்வர் தாக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மைக் இல்லாமலே பேசினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. உங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?"

அவர் மேங் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, உங்க பேரன்?"

"சியோல்ல," என்றார் மேங், ஆரஞ்சுத் தோலிடம்.

"சூ அம்மா, உங்க பொண்ணு?"

"அவளும் சியோல். டிசைன்."

"என் பொண்ணும் அங்கதான். மெக்கானிக் எல்லாருக்கும் வேணும். ஆனா அது பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே நினைக்கிறார். இந்த வருஷம் குளிர்சாதனத்துல சேர்ந்த பிள்ளைங்களை ஒரே மேசையில உக்கார வச்சுடலாம். துறையை மூடணும்னு எனக்கு ஆசையா? நான் பிள்ளைக்கு எங்கய்யா போவேன்?" கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதரைத் தன் மனசுக்குள் எத்தனை திட்டியிருப்பாள் ஹேசுக். அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

கும்ஜா அம்மாள் தோற்பதாக இல்லை. ஆதரவுக்கு ஆள் தேடிய கண் ஹேசுக்கிடம் வந்து நின்றது. "நீ சொல்லும்மா. வாத்தியார் வீட்டுப் பிள்ளை எங்க? அவனாவது இங்கதான இருப்பான்?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். கிதே சியோலில் ஒரு பெட்டி அளவு அறையில் தங்கி, அரசு வேலைப் பரீட்சைக்கு இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் படிக்கிறான் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் அவரவர் வாயால் பேசுகிற இடத்தில் தான் மட்டும் எழுதிவைத்ததைப் படிப்பதா என்று அவளுக்கு இருந்தது.

"சியோல்ல இருக்கான்," என்றாள். "இங்க அப்பா துறையிலேயே சேரட்டுமான்னு அவனே ஒரு நாள் கேட்டான். நான்தான் கூடாதுன்னேன். உங்கப்பா மாதிரி ஆயிடாதடான்னு சொன்னேன்."

பின்சுவரை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தது அவர்கள் செய்த மரியாதை.

"சரி," என்றார் கும்ஜா அம்மாள் கடைசியில். "பிள்ளைங்க வரல. குத்தம் நம்ம மேலதான். நான் வர்றேன்."

"எங்க?"

"உங்க கல்லூரிக்கு. படிக்க. காலையில ஏலம் முடிஞ்சா மத்தியானம் முழுக்க நான் டிவி முன்னாடிதான் கிடக்கேன். அறுபது வயசுக்காரியைச் சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? என் மெஷினை நானே பார்த்துக்கறேன். ஏன் தலைவரே, உங்க படகுல ரெண்டு வியட்நாம் பசங்க இருக்கானுங்களே, ஃப்ரீஸர் நின்னா ஸ்குருடிரைவரைத் தூக்கிட்டு ஓடுவானுங்களே, அவனுங்களை அனுப்புங்க."

"படகை யார் ஓட்டறது?"

"நீங்க ஓட்டுங்க. ஆரஞ்சு உரிக்கத் தெரியுதுல்ல?"

பேரம் நடந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தைத் தீட்டுகிற மாதிரியே இல்லை, ஏலக்கூடம் மாதிரி இருந்தது. முடிவில் முதல்வர், பேனாவால் அந்த அழகான தலைப்பை அடித்தார். "ஒரு வருஷம். மத்தியான வகுப்பு. ஊர்க்காரங்க அறையை நிரப்பணும். நிரம்பலேன்னா அடுத்த வருஷம் நானே பூட்டுவேன், அப்ப என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." இந்த முறை அவர் கைதட்டச் சொல்லவில்லை. புகைப்படத்தில் பாதிப் பேர் முஷ்டியை உயர்த்த மறந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு தால்சு நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தான். ஹேசுக் மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். துறை பிழைத்ததை நினைத்துச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டிருந்தாள்.

"என்னை ரெண்டு திட்டாவது திட்டிடுங்க."

"எதுக்கு?"

"ஊருக்கு முன்னாடி உங்களை அப்படிச் சொல்லிட்டேனே."

தால்சு நாற்காலியைக் கீழே வைத்தான். "அவன் எப்ப உன்கிட்ட கேட்டான்?"

"பள்ளிக்கூடம் முடிஞ்ச வருஷம். குளிர்காலத்துல."

"என்கிட்ட இலையுதிர்காலத்துலயே கேட்டுட்டான்." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "எங்க பயிற்சிப் பட்டறைக்கு வந்திருந்தான். வாயு அளக்கற மீட்டரை எடுத்து மாட்டினான். கையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் எனக்கு. நல்ல கை. தெரிஞ்சும், 'இந்தப் பக்கம் வந்துடாதடா, என்னை மாதிரி வருஷா வருஷம் ஒரு கையெழுத்துக்குக் காத்துக் கிடக்காத'ன்னு சொன்னேன். உனக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்."

ஹேசுக்கின் கையில் துணி அப்படியே நின்றது. "அப்படின்னா... நீங்க வேண்டாம்னு சொன்ன பிறகுதான் என்கிட்ட வந்திருக்கான்."

"அம்மாவாவது சரின்னு சொல்லுவாளான்னு."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று, ஏதோ போகிற போக்கில் கேட்கிற மாதிரி அவன் கேட்டதும், தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்து அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறை அடக்கவில்லை.

தால்சு அவள் அழுது முடிக்கும்வரை நின்றான். "போன் போடு," என்றான்.

"என்னன்னு சொல்றது? வாடான்னா?"

"வரச் சொல்லாத. அவன் என்ன நினைக்கிறான்னு நாம ரெண்டு பேரும் கேக்கவே இல்லையே. அதைக் கேளு."

அவள் எண்ணை அழுத்தினாள். மணி போனது. "என்னம்மா, இந்த நேரத்துல? ஏதாவது ஆச்சா?" என்று பையன் பதறினான். ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை. தால்சு போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"கிதே, அப்பா பேசறேன்டா. ஒண்ணும் ஆகல. உன்னை ஒண்ணு கேக்கணும்."